அவிழ்க்காத காப்பு

மார்கழி பிறந்த கையோடு செவ்வூரணியில் பனி இறங்கியது. ராமநாதபுரம் சீமையில் பனியா என்று கேட்பவர்கள், அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் அடித்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாகப் பேச்சில் மட்டும் இருந்த சரக்கு வாசலில் வந்து நின்றால் சும்மா இருப்பார்களா? ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாயால் புகை விட்டுக் காட்டினார்கள். பெண்கள் ஒருவர் ஸ்வெட்டரை ஒருவர் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். இத்தனை காலம் மோரும் பானகமும் விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர், டீ சூடாக வேண்டும் என்று கேட்ட முதல் ஆளைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். உலகம் பழையபடி திரும்பிக்கொண்டிருந்தது. அதில் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

மங்களேஸ்வரிக்கு வரவில்லை. அவள் ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழந்துணியைத் திணித்துவிட்டு, மின்சார அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் உகந்தாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பெண் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கண்ணைத் திறப்பாள், விட்டால் மறுபடி சொருகும். தூங்கவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளைகள் குளிரில் தூங்கினால் எழுந்திருப்பது நிச்சயமில்லை.

இந்தப் பிள்ளைகள் என்றால் வெயில் பிள்ளைகள். உகந்தா பிறந்த காலத்தில் சித்திரை மாதம் நிழலில் நின்றவர்களே செத்து விழுந்தார்கள். அப்போதுதான் வெயில் ஊசி வந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு முறை போட்டால் போதும், உடம்புக்குள் எரிகிற அடுப்பு தணிந்து எரியும், அந்த மாற்றம் ஆயுசுக்கும் நிற்கும் என்றார்கள். சொன்னபடியே நின்றது. பெரியவர்கள் வாசல்படி தாண்டப் பயந்த வெயிலில் அந்தப் பிள்ளைகள் ஊரணிக்கரையில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஊரில் வெயிலுகந்த அம்மன் கோவில் ஒன்று உண்டு. அவளுக்கு வெயில்தான் இஷ்டம் என்பதால் கோவிலுக்குக் கூரையே கிடையாது. ஊசி போட்ட பெண் குழந்தைகளுக்கெல்லாம் அவள் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் உகந்தா என்று கூப்பிட்டால் கால்வாசி வகுப்பு எழுந்து நிற்கும்.

அப்புறம் வான்திரை வந்தது. விமானங்கள் மேல் வானத்தில் மெல்லிய தூளைத் தூவி, வருகிற வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பின. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே செய்தது. வானம் நீலம் வெளிறி நீர்மோர் நிறத்துக்கு வந்தது. வெயில் தணிந்தது. மழை சொன்ன மாதத்தில் பெய்தது. கடல் ஏறுவது நின்றது. கெட்டுப்போனதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். நகராமல் நின்றது பிள்ளைகளின் உடம்பு மட்டும்தான். ஊசி போடுவதை நிறுத்தினார்கள், போட்டதை எடுக்க வழி தெரியவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, மங்களேஸ்வரி பார்த்த உத்தியோகம். அவள் புகைக் காவல் ஆய்வாளர். திரை போட்டிருக்கும் காலத்தில் புகை கூடக் கூடாது என்று விறகும் கரியும் எரிப்பதைத் தடை செய்திருந்தார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டே பிழைத்த அந்தச் சுற்றுவட்டாரத்தில், எங்கும் ஒரு கங்கு கூட இல்லாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. மின்சாரமோ ரேஷன். திரைக்குக் கீழே சோலார் பலகைகள் முன்போலக் கொடுப்பதில்லை. ஒரு ஹீட்டரை விடியும்வரை ஓட்டினால் மறுநாள் உலை வைக்க மின்சாரம் இருக்காது.

பனி விழுந்த வாரத்திலேயே அவள் பரமக்குடிக்குப் போய் மண்டல அதிகாரி இன்பராஜைப் பார்த்தாள். நல்ல மனுஷன். அவள் மகளைப் பற்றி அவருக்குத் தெரியும். உட்காரச் சொல்லி, வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"திரையக் கொஞ்சம் மெலிசாக்கக் கூடாதா சார்? ஒரு ரெண்டு மூணு டிகிரி ஏறினாப் போதும்" என்று கேட்டாள் அவள்.

"முடியாதும்மா. நாம நோயத் தீர்க்கல, போர்வையப் போத்தியிருக்கோம். காத்துல ஏத்தி வச்ச கரியெல்லாம் அப்படியேதான் இருக்கு. அத எடுக்க இன்னும் ரெண்டு தலைமுறை ஆகும். அதுக்குள்ள திரையில கை வச்சா, தள்ளிப் போட்ட வெயிலெல்லாம் சேர்ந்து ஒரேயடியா இறங்கும். புலிவாலப் பிடிச்சாச்சு. விட முடியாது."

"அப்ப பிள்ளைக?"

இன்பராஜ் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். வடக்கே ஓர் இரும்பு உருக்காலை இந்தப் பிள்ளைகளுக்காக விடுதி திறந்திருப்பதாகவும், உலையின் சூட்டிலேயே அறைகள் கதகதவென்று இருக்கும் என்றும், படிப்பும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"திரும்பி வருவாங்களா சார்?"

"உலை பக்கத்துல நின்னு வேலை பாக்க அவங்களுக்கும் ஆள் வேணும்ல" என்றார் அவர். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்.

தை மாதத்தில் ஒரு நாள், வெப்பம் பார்க்கிற ட்ரோன் கருவேலங்காட்டுக்குள் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டியது. கரி திருடர்கள்தான் என்று நினைத்து மங்களேஸ்வரி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள். முள்ளை விலக்கி உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மண் பூசிய கரிமூட்டம் ஒன்று ஆள் உயரத்துக்குப் புகைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் முதுகைச் சாய்த்து, கன்னத்தை ஒட்டி, ஒருவர்மேல் ஒருவர் காலைப் போட்டுக் கிடந்தார்கள். மூட்டம் போட்டவர் அம்மன் கோவில் பூசாரி வில்லாயுதம். பழைய கரிக்காரர். பிள்ளைகளைப் பெற்றவர்கள் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மங்களேஸ்வரியின் கணவன் பூமிநாதன்.

உகந்தா அவளைப் பார்த்துவிட்டாள். உதட்டில் நாவல்பழ நிறம் போய்ச் சிவப்பு ஏறியிருந்தது. மார்கழிக்கு அப்புறம் அவள் பல் தெரியச் சிரித்து மங்களேஸ்வரி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அம்மா, இங்க தொட்டுப் பாரேன், சித்திரை மாதிரி இருக்கு."

வில்லாயுதம் கும்பிட்டார். "பாத்தும் பாக்காத மாதிரிப் போயிரு தாயி."

"நான் பாக்காட்டியும் அது பாத்துக்கிட்டுல்ல இருக்குண்ணே" என்று மங்களேஸ்வரி மேலே கையைக் காட்டினாள். தலைக்கு நேரே ட்ரோன் வண்டாக இரைந்துகொண்டிருந்தது. அவள் அணைக்காவிட்டால் அரைமணியில் பரமக்குடியிலிருந்து வேறு ஆள் வந்து அணைப்பான், வில்லாயுதம் ஜெயிலுக்குப் போவார், அவள் வேலையும் போகும், அதோடு உத்தியோகஸ்தர் என்பதற்காக வீட்டுக்குக் கூடுதலாக வருகிற மின்சாரமும் போகும். அவள் ஜீப்பிலிருந்து குழாயை இழுத்துத் தண்ணீரைப் பீய்ச்சினாள். மூட்டம் சீறிக்கொண்டு வெடித்தது. வெள்ளையாக ஆவி எழும்பியது. ஓடிப்போவார்கள் என்று நினைத்த பிள்ளைகள் எல்லாம் அந்த ஆவிக்குள் புகுந்தார்கள். கடைசிச் சூட்டையும் விடக் கூடாது என்று கையை விரித்து, கண்ணை மூடி நின்றார்கள். அவள் மகளும் நின்றாள். குழாயைப் பிடித்திருந்த தன் கையை மங்களேஸ்வரி அன்றிலிருந்து வெறுத்தாள்.

வீட்டில் பூமிநாதன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, உருக்காலை ஏஜெண்ட் ஊருக்குள் வந்திருப்பதாகச் சொன்னான். தான் பம்ப்செட் பழுது பார்க்கிறவன், இந்தக் குளிரைப் பழுது பார்க்கத் தெரியவில்லை என்றான்.

"எங்கயோ ஒரு எடத்துல உசுரோட இருக்கட்டும் மங்களா."

"பங்குனி வரைக்கும் பொறுங்க" என்றாள் அவள்.

அவள் மனசில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் சேர்ந்தபோது மனப்பாடம் செய்த சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. கோவில் திருவிழாவில் காப்புக் கட்டியதிலிருந்து காப்பு அவிழ்க்கிறவரை பூக்குழி நெருப்புக்குத் தடையில்லை. பக்தர்கள் பூ மிதிக்கிற குழி அது. பக்தியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த யாரோ ஒருவர் எழுதிச் சேர்த்த வரி.

மறுநாள் உச்சி வெயிலில், அந்த மோர்நிற வெயிலில், கூரையில்லாத கோவிலில் பெற்றவர்கள் கூடினார்கள். செவ்வூரணி வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவிழாவுக்குப் பெரியவளாகாத ஒரு பெண் பிள்ளைக்கு மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கையில் காப்புக் கட்டுவார்கள். ஊருக்கு அதுதான் காப்பு. கட்டிய பிள்ளை அதை அவிழ்க்கும்வரை கோவில் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. நடுவில் அவள் பெரியவளானால் அன்றைக்கே அவிழ்த்து வேறு பிள்ளைக்குக் கட்டிவிட வேண்டும்.

"காப்ப எப்பண்ணே அவுப்பீக?" என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

"பூ மிதிச்சு எட்டாம் நாளு" என்றார் வில்லாயுதம்.

"அவுக்காம விட்டா?"

பூசாரி யோசித்தார். அவருக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே தோன்றியதில்லை. "அவுக்கலன்னா திருவிழா முடியலன்னு அர்த்தம்" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "யாருக்குத் தாயி கட்றது?"

அங்கே நின்ற தாய்மார்கள் தங்கள் தங்கள் பிள்ளையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.  யோசனை சொன்னவள் அடுத்தவள் பிள்ளையைக் கைகாட்ட முடியுமா?

"எம் மகளுக்குக் கட்டுங்க" என்றாள் மங்களேஸ்வரி. நெருப்புக்குப் பக்கத்திலேயே இருப்பாள், நல்லதுதானே என்று அந்த நேரத்தில் நினைத்தாள். கெட்டிக்காரத்தனம் தலைக்கு ஏறியிருந்த நேரம் அது.

பங்குனியில் குழி வெட்டி நெருப்பு வளர்த்தார்கள். எட்டாம் நாள் வந்தது, போனது. காப்பு அவிழவில்லை. யாராவது ஒருவர் நேர்த்திக்கடன் என்று மஞ்சள் துணி கட்டிப் பூ மிதித்துக்கொண்டே இருந்தார்கள். கருவேல விறகுக்கா அந்தச் சீமையில் பஞ்சம்? ராத்திரியானால் பிள்ளைகள் பாயோடு வந்து குழியைச் சுற்றிப் படுத்தார்கள். ஏஜெண்ட் வந்த வழியே திரும்பிப் போனான்.

இன்பராஜ் நேரில் வந்தார். குழியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், உகந்தாவின் மணிக்கட்டைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, மேலே கேள்வி வந்தால் தான் பதில் சொல்லியாக வேண்டும் என்றார். தினமும் காலையில் ட்ரோன் வரும். எல்லைக்கல்லுக்கு உள்ளே, கையில் காப்போடு அந்தப் பிள்ளை அதன் கண்ணில் பட வேண்டும். ஒரு நாள் படவில்லை என்றாலும் திருவிழா முடிந்ததாகக் கணக்கு. குழியை அணைத்தாக வேண்டும்.

"சரிபார்க்க வேண்டியது இந்தப் பகுதி ஆய்வாளர். அதாவது நீங்கதாம்மா" என்றார்.

அன்றைக்குத்தான் மங்களேஸ்வரிக்குத் தான் செய்தது முழுதாக விளங்கியது.  மற்ற பிள்ளைகள் பொழுது ஏறியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள், சந்தைக்குப் போனார்கள், வெக்கையான நாட்களில் ஊரணிக்கரையில் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சல் கோவில்வரை கேட்கும். உகந்தா எல்லைக்கல்லில் உட்கார்ந்து காலை உள்பக்கமாகவே தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். காப்பை அவிழ்க்கக் கூடாது என்பதால், நூல் இற்றுப் போகும்போதெல்லாம் பழையதன் மேலேயே புதிது கட்டினார்கள். மணிக்கட்டு தடித்துக்கொண்டே வந்தது.

"இன்னும் எத்தன நாளும்மா?" என்று முதலில் தினமும் கேட்டாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். அதற்குப் பதில் வெளியூர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஓயாத திருவிழாவைப் பார்க்க வந்தவர்கள் காப்புக் கட்டிய பிள்ளையின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கல்யாணம் எப்போது கூடும், வழக்கு எப்போது தீரும் என்று கேட்டார்கள். அவள் பேந்தப் பேந்த விழித்துவிட்டு விபூதி கொடுத்தாள். மற்ற ஊர்களும் இதைப் பிடித்துக்கொண்டன. தென் மாவட்டம் முழுக்கப் பூக்குழிகள் அணையாமல் எரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையில் காப்போடு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் இதற்குச் செவ்வூரணி வழி என்று பெயரே வைத்துவிட்டதாக இன்பராஜ் போனில் சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது. மங்களேஸ்வரி போனை வைத்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு இருந்த நம்பிக்கை ஒன்றே ஒன்று. மகள் பெரியவளாகிவிட்டால் போதும். அந்த நாளுக்காக அவளும் பூமிநாதனும் வீட்டில் விளக்குப் போடாமல், மின்விசிறி சுற்றாமல், ஒருவேளை சமைத்து மூன்று வேளை தின்று மின்சாரத்தை மிச்சம் பிடித்தார்கள். பூமிநாதன் பழைய பேட்டரிகளை எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்தான். பின்கட்டில் ஓர் அறைக்குச் சுவரெல்லாம் தெர்மோகோல் ஒட்டி, வெள்ளித்தாள் அடித்து, கோடை மாதிரி கதகதப்பாக வைக்க ஏற்பாடு செய்தான். பிள்ளை அங்கே இருப்பாள், அவர்கள் பிள்ளையாக மட்டும் இருப்பாள். அவளுக்கு அடுத்து யார் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் மங்களேஸ்வரி எழுந்து போய் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை பிறந்தது. குழிக்கு மேலே மட்டும் தகரம் போட்டிருந்தார்கள், அம்மன் வழக்கம்போல நனைந்துகொண்டு நின்றாள். ஒரு விடியற்காலை, சரிபார்க்க வந்த மங்களேஸ்வரியை உகந்தா கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள். காதோடு வாயை வைத்தாள்.

"அம்மா, நான் பெரியவளாயிட்டேன்."

மங்களேஸ்வரி மகளை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டாள். சீருடையில் இருக்கிறோம் என்பதுகூட நினைவில்லை. அழுகையும் சிரிப்புமாக, வில்லாயுதம் அண்ணனைக் கூட்டிவரப் போவதாகவும், இப்போதே காப்பை அவிழ்த்துவிடலாம் என்றும், வீட்டில் அறை தயாராக இருக்கிறது, அப்பா வெள்ளித்தாளில் நட்சத்திரம்கூட ஒட்டியிருக்கிறார் என்றும் ஏதேதோ சொன்னாள். எழுந்தவளை உகந்தா விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு அடுத்து யாரும்மா?"

மங்களேஸ்வரி தலையைத் திருப்பினாள். குழிக்கு எதிர்ப்பக்கம் ஒரு குட்டி உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்துவதற்கு முன்னால் கடைசியாகப் போட்டுக்கொண்ட பிள்ளை. அதற்கும் பெயர் உகந்தாதான், ஊருக்கு அது சின்ன உகந்தா. ஐந்து வயது. கல்லை மேலே போட்டுப் பிடிக்கத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் தவறவிட்டு, தானே சிரித்துக்கொண்டது.

"மத்தவளுகெல்லாம் எனக்கு முந்தியே பெரியவளாயிட்டாளுக, நடுவுல பொறந்ததெல்லாம் பயலுக, ஊசி போடாத பிள்ளைய யாரும் தர மாட்டாக. கட்டுனா அவளுக்குத்தான் கட்டுவாக. நான் அஞ்சாறு வருஷம் பள்ளிக்கூடத்துக்காச்சும் வெளிய அலைஞ்சிருக்கேன், ஊரணி எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதும்மா."

"உகந்தா."

"யார்ட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும் வேணாம், அவுகளுக்கு மறைக்கத் தெரியாது."

"எத்தன வருஷத்துக்குடி?" என்றாள் மங்களேஸ்வரி.

"அவ பெரியவளாகற வரைக்கும். அதுக்கப்புறம் எங்கள்ல ஒருத்தரும் சின்னப் பிள்ளை இல்லல்ல. என்ன செய்யிறதுன்னு நாங்களே பேசிக்கிருவோம். நீங்க யாரும் யோசன பண்ண வேணாம்."

கடைசி வாக்கியத்தை அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு போதும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அது மங்களேஸ்வரிக்கு அறை வாங்கியதைவிட வலித்தது. உலகத்தைத் திருப்பி வைத்தவர்கள், ஊசி போட்டவர்கள், திரை போட்டவர்கள், குறுக்கு வழி கண்டுபிடித்த தான் எல்லோரும் வரிசையாக நின்று அந்தப் பன்னிரண்டு வயசிடம் பதில் வாங்கிக்கொண்டமாதிரி இருந்தது. அவிழ்த்துவிடு என்று அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அதட்டினால் அந்த ஐந்து வயசு மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொடுக்க வேண்டும்.

தெற்கே இரைச்சல் கேட்டது. ட்ரோன் ஊரணியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. உகந்தா பாவாடையைச் சரி செய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தினமும் செய்வதுபோல, தடித்த மஞ்சள் நூல் நன்றாகத் தெரியும்படி கையை வானத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

வழக்கமாக மங்களேஸ்வரி அந்த நேரத்தில் பத்தடி தள்ளி ஓரமாக நின்றுகொள்வாள். பணியில் இருக்கும் ஆய்வாளர் சாமி கும்பிடக் கூடாது என்று விதி. அன்றைக்கு அவள் நகரவில்லை. மகளுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தாள்.

"என்னம்மா நீயும்" என்றாள் உகந்தா வாயசைக்காமல். ஆனால் விபூதித் தட்டில் கை வைத்து, அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டாள்.

ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்றியது. திருவிழா இன்னும் முடியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த ஊரைப் பார்க்கப் போனது.